மூன்று குடுவை வெந்நீர்

ஏப்ரல் 16, ஞாயிறு

காலை எட்டரை. மழை 0.0.

ஞாயிற்றுக்கிழமையும் தாலுகா ஆபீஸுக்கு வந்து, பெய்யாத மழையை அளந்துவிட்டுப் போகிற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். மழைமானி என்றதும் ஏதோ பெரிய எந்திரம் என்று நினைக்கிறார்கள். மேலே ஒரு புனல், அடியில் தண்ணீர் சேர ஒரு கலம், அளப்பதற்கு மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்று. அவ்வளவுதான் சமாசாரம். மீதி, அளக்கிற ஆளைப் பொறுத்தது. பத்தொன்பது வருஷப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் காட்டுங்கள், வேலையை விட்டே போய்விடுகிறேன்.

சாயங்காலம் மாவு அரைத்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 17, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீஸ் பதிவேட்டில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். மீதிக்கெல்லாம் எப்போதும் இந்த நோட்டுதான்.

மூன்று ஐம்பதுக்குக் கூரை மேல் முதல் சத்தம். யாரோ கல் விட்டெறிகிறார்கள் என்று நினைத்தேன். ரெவின்யூ ஆபீஸ் மேல் கல் எறிய ஊரில் ஆள் இல்லாமலா! ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வாசல் முழுக்க வெள்ளை. ஆலங்கட்டி. எலுமிச்சம்பழ அளவு. மேஜைக்கு அடியில் முதலில் நுழைந்தவர் எங்கள் தாசில்தார் விமலநாதன். மனிதர் பூரி மாதிரி, சூடாக இருக்கும்போது உப்பிக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் அமுங்கிப்போவார். இன்று அமுங்கின நாள்.

இருபத்தைந்து நிமிஷம் கொட்டியது. ரெக்கார்டு ரூமின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பதினொரு ஓட்டை, எண்ணிவிட்டேன். பைக் நிறுத்துகிற இடத்தில் ஒரு கண்ணாடிகூட முழுசாக இல்லை. ஜீப் பானெட்டை யாரோ சுத்தியலால் தட்டினது போலிருந்தது. ரோட்டில் ஒருத்தி தலையில் இட்லி குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். சிரிப்பு வந்தது, சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ஐஸ் நின்ற பிறகும் மழை ஒரு மணி நேரம் ஊற்றியது. ஐந்தே காலுக்குக் கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். "உடனே ரீடிங் வேணும்மா, மேல கேக்கறாங்க." கிளார்க்கின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனேன். புனல் நிறைய ஐஸ், ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இறங்கவே வழியில்லை. வேறு யாராக இருந்தாலும் விழித்திருப்பார்கள். எனக்கு விதி தெரியும். வெந்நீரை அளந்து ஊற்றிக் கரைக்க வேண்டும். எதிர் டீக்கடையில் வெதுவெதுப்பாக ஒரு சொம்பு வாங்கி வந்தேன். குடுவை ஒன்றுக்கு இருபது மில்லிமீட்டர் பிடிக்கும். மூன்று குடுவை, கோட்டுக்குக் கோடு சரியாக அளந்து ஊற்றினேன். ஐஸ் கரைந்து இறங்கியது. கலத்தை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

நான்காவது குடுவையில் போன். பூக்கடை எல்லக்காவின் நம்பர், பேசினது யாரோ ஒரு ஆள். "அக்கா, பூச்சந்தை புதுக் கூரை அப்படியே வுழுந்துச்சு. எல்லக்கா அடியில கீது. உன் பேரத்தான் சொல்லுது."

ஆனாலும் அளப்பதை நிறுத்தவில்லை, அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே முடித்தேன். ஏழு குடுவை நிறைய, எட்டாவதில் பதினொன்று. 151. கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன், பதிவேட்டில் எழுதினேன், ஓடினேன்.

எல்லக்காவைப் பற்றி இந்த நோட்டில் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். பதினைந்து வருஷமாக ஆபீஸ் விட்டதும் அவள் கடையில்தான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். இந்த நோட்டை எழுதுவதே அங்கேதான். "இன்னா எழுதிக்கினே கீற, என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுது" என்று ஒரு முழம் கனகாம்பரத்தைத் தலையில் செருகிவிடுவாள். இன்று அவள் வலது கால் மேல் இரும்புச் சட்டம். எட்டு பேர் சேர்ந்து தூக்கினோம். மல்லிகை, ஐஸ், தகரம், ரத்தம் எல்லாம் ஒரே குவியல். அந்தச் சந்தைக் கூரைக்குப் பொங்கல் முடிந்துதான் திறப்பு விழா நடந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஏழு பெண்களுக்கு அடி. கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. எல்லக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். என் புடவை முழுக்க அவள் ரத்தம். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். அழுதேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

காலை எட்டரை. மழை 0.0.

ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் வந்தேன். மாடிகளில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி இல்லை. டவுன் பஸ்கள் முன் கண்ணாடி இல்லாமல் ஓடுகின்றன, டிரைவர்கள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சினிமா ஹீரோ போல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைத் தெருவில் தார்ப்பாய்க்கு அடிதடி. பைபாஸ் ஓரம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் எல்லாம் கிழிந்து, கம்பி மட்டும் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு அரசமரத்தடியில் மைனாக்கள் செத்துக் கிடந்தன. துப்புரவு ஆட்கள் கூடையில் அள்ளினார்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் சமையலறை ஓடு ஒன்பது உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஏணி தேடுகிறார்.

எல்லாப் பேப்பரிலும் 151. நூறு வருஷத்தில் இல்லாத மழையாம். "அளந்தவர் நாகவேணி" என்று ஒரு பேப்பரில் என் பேரும். தாசில்தார் எல்லோர் முன்பும் கை கொடுத்தார். பூரி இன்று நன்றாக உப்பியிருந்தது.

ஏப்ரல் 19, புதன்

விசாரணை போட்டிருக்கிறார்கள், கூரை ஏன் விழுந்தது என்று. பெங்களூர் ரோட்டு காண்ட்ராக்டர் பரந்தாமன் கட்டினது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். ஒரு நாளைக்கு 120 மில்லிமீட்டர் மழை வரை கூரை தாங்க வேண்டும், தாங்காவிட்டால் கட்டினவர் மேல் வழக்கு. அதற்கு மேல் பெய்தால் இயற்கைச் சீற்றம், யார் மேலும் குற்றமில்லை, அவரே திரும்பவும் கட்டித் தருவார்.

பெய்தது 151. அதனால் பரந்தாமன் தப்பித்தார். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனால் மழையை நான் பெய்ய வைக்கவில்லை, அளந்தேன், அவ்வளவுதான்.

மூன்று கிலோமீட்டர் தள்ளித் தோட்டக்கலைப் பண்ணையிலும் ஒரு மழைமானி இருக்கிறது. அங்கே 89 என்று எழுதியிருக்கிறார்களாம். தாசில்தார் கேட்டார், "ஏம்மா, இவ்வளவு வித்தியாசமா?" நான் சிரித்துவிட்டேன். "சார், அங்க அளக்கற ஆளு மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவாரு. அவரு அளந்தா அளந்த மாதிரிதான்."

ஏப்ரல் 20, வியாழன்

காலை எட்டரை. மழை 0.0. ஆபீஸ் விட்டதும் ஆஸ்பத்திரி.

எல்லக்காவின் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கால் நிற்கும், ஆனால் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்கிறார் டாக்டர். பூக்கட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா அது? அவளோ டாக்டரிடம், "அப்ப ஸ்டூல் போட்டுக்கினு கட்டறேன் சாமி, நீ கால மட்டும் குடு" என்கிறாள்.

என்னைப் பார்த்ததும் கூரையைப் பற்றித்தான் பேச்சு.

"மொதல் நாள்லேர்ந்து சொல்லிக்கினு இருந்தேன், நாகு. காத்தடிச்சாலே அந்தத் தகரம் ஆடும். தண்ணி இறங்கற குழாய் என் கட்டை விரல் அளவு கீது. ஐஸ் அடைச்சிக்கினு தண்ணி மேல குளம் கட்டிச்சி. இப்ப இன்னாடான்னா மழை மேல பழியப் போடறான்."

"மழை அப்பிடிதான் பெஞ்சுது, எல்லக்கா. நூத்தி அம்பத்தொண்ணு."

அவள் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். "நீ அளந்தியா?"

"நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள். மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

டி.வி.யிலிருந்து வந்தார்கள். நாவல்பழக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், முன்பே சொல்லியிருந்தார்கள். மைக் பிடித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கெட்டிக்காரி. அன்றைக்கு ஐஸ் அடைத்துக்கொண்ட புனலை எப்படிச் சமாளித்தேன் என்று அப்படியே செய்து காட்டச் சொன்னாள். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து புனலில் போட்டாள்.

கேமரா முன்னால் நிற்க எனக்கென்ன பயம்? "இதோ பாருங்க, வெந்நீர எடுத்துக்கணும். சும்மா ஊத்தக் கூடாது, குடுவையில அளந்துதான் ஊத்தணும்" என்று ஊற்றினேன். அவள் கேட்டாள், "ஏன் மேடம் அளந்து ஊத்தணும்?"

"அளந்தாதானே கடைசியில கழிக்க முடியும். நாம ஊத்துன தண்ணி மழை இல்லயே, மொத்தத்துல இருந்து அத..."

"சொல்லுங்க மேடம்."

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். நன்றாகத்தான் வந்தது என்றார்கள்.

ஏப்ரல் 22, சனி

மழை 0.0.

ஏப்ரல் 23, ஞாயிறு

மழை 0.0.

பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கினேன். பரணைத் துடைத்தேன். துலக்கினதையே துலக்குகிறாயே என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன தெரியும், ஓடு மாற்றும்போது எவ்வளவு தூசு விழுந்தது என்று.

டி.வி.யில் என்னைக் காட்டினார்கள். அணைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

காலை எட்டரை. மழை 0.0.

பரந்தாமன் ஆபீஸுக்கு வந்தார், கையில் மைசூர்பாகு டப்பா. தாசில்தாரைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு. நின்றுகொண்டே கும்பிட்டார்.

"உங்க ஒரு ரீடிங்ல என் மானம் பொழச்சுதுங்க அம்மா. அடுத்த வாரமே வேலைய ஆரம்பிக்கிறோம். அதே டிசைன், அதே ஆளுங்க, ரெண்டு மாசத்துல கூரை ரெடி. அந்தப் பொம்பளைங்க பாவம், வெயில்ல உக்காந்திருக்காங்க இல்ல?"

அதே டிசைன். அதே கட்டை விரல் குழாய். அதே பெண்கள் அதன் அடியில்.

அவர் போனதும் தாசில்தார் கூப்பிட்டார். சுதந்திர தினத்துக்குக் கலெக்டர் கையால் நற்சான்றிதழ், என் பேர் போயிருக்கிறதாம். "தானியங்கி மழைமானி வைக்கலாம்னு மேல ஒரு பேச்சு இருந்தது. உங்க ரெக்கார்டப் பாத்துட்டு, இந்த அம்மா இருக்கற வரைக்கும் எந்திரம் எதுக்குன்னு விட்டுட்டாங்க" என்றார். மனமாரத்தான் சொன்னார்.

நன்றி சார் என்றேன். மைசூர்பாகை எல்லோருக்கும் பங்கிட்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை, சர்க்கரை என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

ஏப்ரல் 25, செவ்வாய்

காலை எட்டரை. மழை 0.0.

போதும், எழுதிவிடுகிறேன்.

மூன்று குடுவை வெந்நீர். மூவிருபது அறுபது. 151இல் 60 போனால் 91. நான் கழிக்கவில்லை. அன்றைக்கு ஊரில் பெய்தது 91 மில்லிமீட்டர், 120ஐத் தொடவே இல்லை. பண்ணையில் அளந்தவர் எழுதின 89 சரி. அவரைக் கேலி செய்தேன், அந்தப் பாவமும் என் கணக்கில்.

இன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கேமரா முன்னால் வாய் திறந்தபோதே தெரிந்துவிட்டது. நாலு நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லக்காவை விட அந்த அடித்தல் இல்லாத பதிவேடு எனக்குப் பெரிசாகப் போய்விட்டது. சீ என்று இருக்கிறது.

பதினொரு மணிக்குத் தாசில்தாரிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாகவேணி, பேப்பர்ல வந்தாச்சு. கலெக்டர் ரிப்போர்ட் போயாச்சு. இப்ப போய் மாத்துனா ரெண்டு பேரும் மாட்டுவோம்."

"மாட்டுவோம் சார். ஆனா கூரை மறுபடியும் விழுமே."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மோசமான மனிதர் இல்லை, பயந்தவர். "சரி, மாத்துறதுன்னே வச்சுக்குவோம். பதிவேட்டுல வெறும் 151தான் இருக்கு. மூணு குடுவை ஊத்துனீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? ரெண்டா, நாலா, இல்ல ஊத்தவே இல்லையா? பரந்தாமன் வக்கீல் வச்சுக் கேப்பான். காசு வாங்கிட்டு மாத்துறான்னு உங்களத்தான் சொல்லுவான்."

டீக்கடைக்காரர் சொம்பில் கொடுத்தார், அவருக்கு அளவு தெரியாது. ஆதாரம் இந்த நோட்டு ஒன்றுதான். அன்று சாயங்காலமே, தப்பு என்று தெரிவதற்கு முன்னாலேயே எழுதினது. தாசில்தாரிடம் சொன்னேன்.

"அப்ப அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

இருக்கைக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். விதிப்படி ஒரே கோட்டில் 151ஐ அடித்து, மேலே 91 என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். நினைத்ததை விடச் சின்னக் கோடுதான்.

ஏப்ரல் 26, புதன்

காலை எட்டரை. மழை 0.0. அரை நாள் லீவு.

எல்லக்காவிடம் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல். கழிக்க மறந்ததைச் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கூச்சல்ல யாருக்குத்தான் மறக்காது. உனக்கு ஃபோன் பண்ணச் சொன்னதே நாந்தானே" என்று என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமையே தெரியும் எனக்கு."

கையை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கி புதன்."

"ஆமாம்."

"அந்தப் பரந்தாமன் ஆளு திங்கக்கிழம இங்க வந்தான்டீ. மழையால வந்த காயம், யார் மேலயும் புகார் இல்லன்னு எழுதி, எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கினான். நானும் வச்சேன். ஏன் வச்சேன் தெரியுமா? நாகு அளந்தா தப்பா இருக்காதுன்னுதான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். கால் விடவில்லை, பாதியில் நின்றுவிட்டாள். அப்படியே மேலே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எதுல எழுதி வச்ச, அந்த வெந்நீர?"

நோட்டைக் காட்டினேன்.

"நாலு நாள் மறைச்சதும் அதுல கீதா?"

"இருக்குது. அதான் ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடுக்கலாம்னு..."

"ஒத்தப் பக்கத்த எவன் நம்புவான்? நேத்து குந்திக்கினு எழுதினதும்பான்." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்கு உன் மன்னாப்பு ஒண்ணும் வேணாம். முழு நோட்டக் கொண்டும்போயிக் குடு. குடுத்துட்டு அப்புறம் வா, பேசலாமா வேணாமான்னு சொல்றேன்."

மாதுளம்பழத்தை உரிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, வியாழன்

காலை எட்டரை. மழை 0.0. கலெக்டர் ஆபீஸ் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இருபது நிமிஷத்தில் கூப்பிடுவார்கள். உள்ளே பரந்தாமனும் அவர் வக்கீலும் இருக்கிறார்கள். தாசில்தாரும் வந்திருக்கிறார், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். வருவார் என்று நான் நினைக்கவில்லை.

இனி எழுதுவது விசாரணை அதிகாரி அவர்களுக்கு.

ஐயா, ஏப்ரல் 17 அன்று எழுதின பக்கத்தைப் படியுங்கள். ஊற்றினது மூன்று குடுவை. அன்றைக்கு எனக்கு ஒப்பந்தமும் தெரியாது, 120உம் தெரியாது. பொய் எழுத எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பிறகு 21ஆம் தேதியிலிருந்து 24 வரை படியுங்கள். அங்கே காரணம் இருந்தது, அதனால் எழுதாமல் மழுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் எப்போது உண்மை எழுதுகிறேன், எப்போது ஒளிக்கிறேன் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்காகத்தான் முழு நோட்டையும் தருகிறேன்.

இதில் என் வீட்டுச் சண்டை இருக்கிறது, அதிகாரிகளைப் பற்றி எழுதக் கூடாதது இருக்கிறது. ஒன்றையும் அடிக்கவில்லை. காலையில் பக்கங்களுக்கு எண் போட்டேன், மொத்தம் நூற்று எண்பத்தாறு. ஒன்றும் கிழியவில்லை.

என்மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், அது நியாயம். அதற்கு முன்னால் அந்தக் கைநாட்டுக் காகிதங்களை வரவழையுங்கள். அந்த ஏழு பெண்களும் கை வைத்தது என் 151ஐ நம்பி. அந்த எண் செத்துவிட்டது, கைநாட்டும் செல்லாது.

நான் எல்லக்கா என்று எழுதியிருக்கிற எல்லம்மாவை நீங்கள் நேரில் விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மூன்றாவது வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். என்னைப் பற்றிக் கேட்டால் திட்டுவாள். எழுதிக்கொள்ளுங்கள், அவள் சொல்வது அத்தனையும் சரி.